எமர்ஜென்சில போய் மாத்திரை பேரச் சொல்லிக் கேக்காதீங்க

மலேசியால கேஎல்-க்கு, அதான் கோலாலம்பூருக்கு, புதுசா வர்றவங்களுக்கு சிம் கார்டு, ரூம் வாடகை, பஸ் ரயிலுக்குத் தட்டுற டச் என் கோ கார்டு பத்தி எழுத நெறைய பேர் இருக்காங்க, நான் எழுத வந்தது வலி மாத்திரை பத்தி மட்டும். போன வருஷம் ஒரே வாரத்துல ரெண்டு தடவ எமர்ஜென்சி வாசல்ல நின்னேன், ரெண்டாவது தடவ பட்டது இன்னும் மனசுல ஆறல.

ஊர்ல நமக்கு என்ன பழக்கம்? இடுப்பு புடிச்சிக்கிச்சின்னா தெருமுனை மெடிக்கல்ல போயி பழைய அட்டையக் காட்டி "அண்ணே இதுல நாலு"ன்னா கத்திரியால நறுக்கி பேப்பர் கவர்ல போட்டுக் குடுத்துருவாரு. அந்தப் பழக்கத்தோட இங்க வந்து எறங்குறோம். இங்க 1952ல போட்ட விஷச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, பேரக் கேட்டு பயந்துறாதீங்க, மருந்துங்களையெல்லாம் குரூப் பிரிச்சி வச்சிருக்குற சட்டம்தான் அது. ட்ராமடால் மாதிரி வலி மாத்திரை குரூப் பி, இந்த நாட்டு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் ஃபார்மசில கைக்கு வரும். பனடால் மளிகைக் கடைலயே கெடைக்கும், அது வேற.

ஆஸ்பத்திரி விஷயம் சுருக்கமா. அவசரம்னா 999. பாஸ்போர்ட், வேல பெர்மிட் ரெண்டும் கைல இருக்கட்டும், வெளிநாட்டுக்காரங்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிலயும் கட்டணம் வேற, வார்டுல சேக்கணும்னா டெப்பாசிட் கேப்பாங்க. ஃபேக்டரி, ஹோட்டல் வேலைக்கு வர்ற தம்பிங்க ஸ்பிக்பா, அதான் வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கான ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ், அந்தப் பேப்பர மொதலாளிகிட்ட மொத வாரமே கேட்டு வாங்கி வச்சிக்கோங்க. உள்ள போனதும் அவசரத்தப் பாத்து செவப்பு, மஞ்ச, பச்சைன்னு பிரிப்பாங்க, பச்சைன்னா மணிக்கணக்கா உக்காரணும், சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல.

இப்ப என் கத. ராத்திரி ரெண்டு மணிக்கு வலது பக்க விலாவுக்குக் கீழ கத்தியால குத்தித் திருகுற மாதிரி வலி, வேர்த்து ஊத்துது, வாந்தி. ரூம்ல இருந்த தம்பி கிராப் டாக்ஸி புடிச்சி பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அங்க ஒரு நர்ஸ் ஸ்கேல் மாதிரி ஒரு அட்டையக் காட்டி சைபர்லேந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு கேட்டாங்க. 2008லேந்தே இந்த நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிங்கள்ல காய்ச்சல், பிரஷர் பாக்குற மாதிரி வலியையும் அளந்து எழுதுறாங்க, அதனால அந்தக் கேள்விய லேசா எடுத்துக்காதீங்க, உள்ளதச் சொல்லுங்க. டைக்ளோஃபெனாக்ங்கிற வலி ஊசி போட்டாங்க, அரை மணி நேரத்துல உயிர் வந்துச்சி. சிறுநீரகக் கல்லு, இங்க மலாய்ல "பத்து காராங்"னு சொல்லுவாங்க. மூணு நாளைக்கு மாத்திரையும், யூராலஜி டாக்டருக்கு ஒரு சூராட் ருஜூக்கானும், அதான் ரெஃபரல் லெட்டர், குடுத்து அனுப்புனாங்க.

நான் செஞ்ச தப்பு இங்கதான். வலிதான் போயிருச்சேன்னு அந்த லெட்டர மடிச்சி மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடில வச்சிட்டேன், சாயங்கால மழைல ஊறி மையெல்லாம் கரைஞ்சி ஒரு எழுத்தும் தெரியல. மாத்திரை தீந்த மறுநாள் வலி திரும்ப வந்துச்சி. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஃபார்மசிக்குப் போயி போன்ல வச்சிருந்த தஞ்சாவூர் டாக்டர் சீட்ட காட்டுனேன், அந்தக்கா பாத்துட்டு "இங்க உள்ள டாக்டர் எழுதணும் தம்பி"ன்னு போன திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

அங்கேந்து வேற ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. டாக்டர் உக்காரச் சொன்னதுமே "ட்ராமடால் குடுங்க, அதுதான் எனக்குக் கேக்கும்"னு சொல்லிட்டேன். எழுதிட்டு இருந்தவரு பேனாவ நிறுத்திட்டு என்ன நிமிந்து பாத்தாரு. முன்னாடி எங்க வாங்குன, எத்தன நாளா சாப்புடுற, பேப்பர் எங்க? எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் அந்த ரூம்ல நான் நோயாளி இல்ல, மாத்திரைக்கு அலையுறவன். பேரசிட்டமால் குடுத்து வெளில உக்கார வச்சிட்டாங்க, யூரின் டெஸ்ட்டுல ரத்தம் இருக்குன்னு வர்ற வரைக்கும் மூணு மணி நேரம் பெஞ்சுல சுருண்டு கெடந்தேன். மாசம் பொறந்தா வேல செஞ்சி வீட்டுக்குப் பணம் அனுப்புற மனுசன், அன்னிக்கி அழுதுட்டேன். அங்க இருந்த ஒரு தமிழ் சிஸ்டர்தான் பக்கத்துல வந்து, "மருந்து பேரச் சொல்லாதீங்க, எங்க வலிக்குது, எப்ப ஆரம்பிச்சிச்சி, எப்படி வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. அந்த வார்த்தய ஊர்லேந்து கெளம்பும்போதே யாராச்சும் சொல்லியிருக்கலாம்.

இது இந்த நாட்டுல மட்டும்னு நெனைக்காதீங்க. நியூயார்க்ல 2013 ஜனவரில மேயர் ப்ளூம்பெர்க், மாநகராட்சி ஆஸ்பத்திரி பதினொண்ணுலயும் எமர்ஜென்சில ஓபியாய்டு வலி மாத்திரை, அதான் ட்ராமடால் மாதிரி அடிமையாக்குற வகை, மூணு நாளைக்கு மேல குடுக்கக்கூடாது, தொலைஞ்சி போச்சு, திருடு போச்சுன்னு வந்து கேட்டாலும் திரும்ப எழுதக்கூடாதுன்னு அறிவிச்சாரு. 2016ல அந்த மாநிலத்துல திடீர் வலிக்கு மொத சீட்டு ஏழு நாளைக்குத்தான்னு சட்டமே வந்துச்சி. அங்க அந்த மாத்திரைக்கு அடிமையாகி செத்தவங்க அவ்ளோ பேரு. நம்ம இந்தியாலயே 2018ல ட்ராமடால போதை மருந்து சட்டத்துக்குள்ள கொண்டாந்துட்டாங்க. அதனால டாக்டர் சந்தேகப்படுறது எனக்குப் புரியுது, ஆனா நெசமா வலிக்கிறவன் என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதுதான் என் கோவம்.

எமர்ஜென்சிங்கிறது அந்த ராத்திரிய தாண்ட வைக்கிற எடம், மாசக்கணக்குக்கு மருந்து வாங்குற எடம் இல்ல. அடுத்த நாளே அந்த லெட்டரோட கிளினிக்குக்கோ ஸ்பெஷலிஸ்டுக்கோ போங்க, தனியார் கிளினிக்ல டாக்டரே அங்கயே மருந்து குடுப்பாரு, கூட ஒரு சீட்டு கேட்டு வாங்கிக்கோங்க. குடுத்த ஒவ்வொரு பேப்பரையும் வாங்குன எடத்துலயே போட்டோ எடுத்துருங்க. அல்சர், ஆஸ்துமா, அலர்ஜி இருந்தா கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, சில வலி ஊசி அவங்களுக்கு ஆகாது.

ரூம்ல யாராச்சும் "எங்கிட்ட இருக்கு, போட்டுக்க"ன்னு அட்டைய நீட்டுனா தொடாதீங்க. கோடீன் கலந்த மாத்திரை யூரின் டெஸ்ட்டுல ஓபியம் வகைன்னு காட்டும், போலீஸ்ல மாட்டுனா கைல டாக்டர் சீட்டு இல்லாம எப்படி வெளக்குவீங்க? ஊர்லேந்து மருந்து கொண்டாறதா இருந்தா ஒரு மாசத்துக்கு மேல வேணாம், அட்டையப் பிரிக்காம, டாக்டர் சீட்டோட, உங்க பையிலயே. ஊருக்குப் போயிட்டு வர்ற பையன்கிட்ட அம்மா குடுத்து விடுறேன்னுதான் சொல்லுவாங்க, எங்கம்மாவும் சொன்னாங்க. வேணாம்மான்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசல, அப்புறம் அவங்களே கூப்புட்டு வாழத்தண்டு கெடைக்குதாடா அங்கன்னு கேட்டாங்க. கெடைக்குது.