இராயக்கோட்டையிலிருந்து மானிடவியல் படிப்பது எப்படி

தக்காளி மண்டியில் அப்பாவிடம் ஒருவர், "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார். "மானிடவியல்" என்றார் அப்பா. "மானியமா? சொட்டுநீருக்கா?" என்றார் அவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது மானியப் படிப்பு. (உண்மையில் மனிதர்களின் உடல், உறவு, பண்பாடு, மொழி எல்லாவற்றையும் படிக்கும் படிப்பு.) நீங்களும் இந்தக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கப் போகிறீர்கள் என்றால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேர்க்கையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இது பி.எஸ்சி. பட்டம்; க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பிளஸ் டூவில் என்னென்ன பாடம் கேட்கிறார்கள் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பண்பாடு படிக்கப் போனவளின் கையில் மண்டை ஓட்டையும் அளவுகோலையும் கொடுத்தார்கள். பயப்படாதீர்கள், அதுவும் பாடம்தான். அவ்வளவு தூரம் வீட்டில் விடமாட்டார்கள் என்றால் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தமிழ், ஆங்கிலம், வரலாறு என்று ஒன்றில் சேர்ந்துகொண்டு, நான் கீழே சொல்வதைச் செய்யுங்கள். பிறகு சேரச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுகலை இருக்கிறது.

உறவுமுறைப் பாடம் வரும்போது நமக்குக் கொண்டாட்டம். மார்கன் என்ற அமெரிக்கர் 1871-இல் உலக உறவுமுறைகளைத் தொகுத்த நூலில் தமிழும் உண்டு. தமிழ் முறையும் அமெரிக்கப் பூர்வகுடிகளான இராக்குவா மக்களின் முறையும் ஒத்திருப்பதைப் பார்த்து, அவர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கே இதைச் சான்றாக்கினார். உறவுமுறையை அதற்குச் சான்றாக இன்று பொதுவாக ஏற்பதில்லை, ஆனால் ஒப்புமை உண்மை. முறைப்பிள்ளை யார், தம்பி முறை யார் என்பதை மற்றவர்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வார்கள். நமக்குக் கல்யாண வீட்டுப் பந்தியே போதும்.

முதல் வாரமே உங்கள் வீட்டு உறவு வரைபடத்தைப் போடுங்கள்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். எங்கள் வீட்டில் அக்காவைக் கட்டியவர் அம்மாவின் தம்பி. தமிழில் தாய்மாமனும் மாமா, அக்கா வீட்டுக்காரரும் மாமா. நாங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் முதலாமவர் மாமா, இரண்டாமவர் பாவா. கல்யாணத்துக்கு மறுநாள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் திணறியது வரைபடம் போட்டபோதுதான் புரிந்தது. (மாமா என்றே கூப்பிடுகிறேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.)

அப்புறம் மொழி. இங்கேதான் நான் சறுக்கினேன். விடுமுறையில் ஒரு படிவம் தயாரித்து இருபது வீடு ஏறினேன். "வீட்டில் என்ன மொழி பேசுவீங்க?" என்பது முதல் கேள்வி. ஒரு அவ்வா (பாட்டி), "தமிழ்தாம்மா" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் பேரனைப் பார்த்துத் தெலுங்கில், "ஒரேய், நீள்ளு தே" (டேய், தண்ணி கொண்டா) என்றார். தண்ணீர் எனக்குத்தான். குடித்துவிட்டு, படிவத்தில் "தமிழ்" என்று எழுதிக்கொண்டு வந்தேன்! நடந்ததை ஆசிரியையிடம் கதையாகச் சொன்னபோது, "கதையை எழுது, படிவத்தைத் தூக்கிப் போடு" என்றார். திரும்பிப் போய் அவ்வாவிடம் கேட்டேன். "அது பாஷையா? வீட்டுப் பேச்சுதானே" என்றார். என் ஆய்வுக்கு இருபது படிவமும் தராததை அந்த ஒரு வரி தந்தது.

அதனால் கேள்வியோடு போகாதீர்கள். மண்டியிலோ டீக்கடையிலோ உட்காருங்கள். யார், யாரிடம், எந்தச் சொல்லை, எப்போது மாற்றுகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். அதே ராகி உருண்டை ஒருவருக்குக் களி, ஒருவருக்கு முத்தே, ஒருவருக்குச் சங்கடி. தோட்டத்தில் பெங்களூரா என்று ஏறும் மாங்காய், தெருவில் கிளிமூக்கு, மாங்கூழ் ஆலைத் தாளில் தோத்தாபுரி. நோட்டின் இடப்பக்கம் கேட்டதை எழுதுங்கள், வலப்பக்கம் நீங்கள் நினைத்ததை. அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். காலையில் உங்கள் மூளை அதை ஒழுங்குபடுத்திவிடும், பிறகு பிரயோஜனம் இல்லை.

தெலுங்குப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். நமக்கு ka, ga இரண்டுக்கும் ஒரே க. எது வல்லொலி, எது மெல்லொலி என்று மறுநாள் எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு ஒலிக்கும் தனிக் குறி தரும் சர்வதேச ஒலிக் குறியீட்டை முதல் பருவத்திலேயே பழகுங்கள். எலான், பிராட் இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒலியைத் துண்டாக்கி எழுத எலான், ஒலியின் அலையைப் பார்க்கப் பிராட். பத்து நிமிடப் பதிவை எழுத எனக்கு ஒரு முழு நாள் போகும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். சேவலை நிறுத்த முடியாது.

கம்பர்ஸ், வில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1971-இல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படியுங்கள். மகாராஷ்டிர-கர்நாடக எல்லையில் குப்வார் என்ற கிராமத்தில் கன்னடமும் மராத்தியும் உருதுவும் சொற்களில் தனித்தனியாக இருந்துகொண்டே இலக்கணத்தில் நெருங்கிவிட்டதைக் காட்டியது அது. படித்ததும் எனக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கும் ஓசூர் பேருந்து நிலையம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. சேர்ந்தவுடன் எல்லோருக்கும் மலைக்குப் போக ஆசை வரும். சித்தேரி மலை என்றும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர் குடியிருப்பு என்றும் கிளம்பாதீர்கள், முதல் வருஷம் வேண்டாம். அங்கே வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர், எழுதியதைத் திரும்ப வந்து காட்டியவர்கள் குறைவு.

பதிவு செய்யும் முன்பே அனுமதி கேளுங்கள், முடித்த பிறகும் ஒருமுறை கேளுங்கள். பிறகு அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். நான் காட்டியபோது அவ்வா என் எழுத்தில் இரண்டு சொல்லைத் திருத்தினார். ஒரு பக்கம் முழுக்க அடித்து எழுத வேண்டியதாயிற்று.