தள்ளாடும் சுண்டெலியை ஆராய்வது எப்படி?

மரபணு மாறிய சுண்டெலி தள்ளாடினால் உடனே 'சிறுமூளைக் கோளாறு' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ படித்துவிட்டு ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர்கள், நோய்க்குப் பெயர் வைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது நல்லது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மின்சாரம் நின்று அறை சூடேறிய நாளில் எலி சோர்ந்து கிடப்பது நோயின் அறிகுறி ஆகாது. அன்றைய சோதனையைத் தள்ளிவையுங்கள்.

முதலில் கூண்டைத் திறக்காமல் சில நிமிடங்கள் பாருங்கள். நடுக்கம் அசையும்போது மட்டும் வருகிறதா, ஓய்விலும் இருக்கிறதா என்று எழுதுங்கள். நரம்பிழையைச் சுற்றிய காப்புறையான மயலினுக்குரிய புரதம் இல்லாத 'ஷிவரர்' என்னும் மரபணு மாறிய எலி வகையில் நடுக்கம் ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடுவதால், எலியின் வயதைக் குறிக்காத பதிவு பயன்படாது. 1951இல் மரபியலாளர் ஃபால்கனர் விவரித்த 'ரீலர்' என்னும் வகை எலியோ நடுங்குவதோடு தள்ளாடிச் சாயும்; அதன் சிறுமூளை சிறுத்து, நரம்பணுக்கள் இடம் மாறி அமைந்திருக்கும்.

செக்குமாடுபோல வட்டமடிக்கும் எலியில்தான் நாம் ஏமாறுவது அதிகம். 'வால்ட்சர்' என்னும் மரபணு மாறிய எலி சுற்றுவதற்குக் காரணம் உட்செவியின் பழுது; அதற்குக் காதும் கேட்காது. எனவே எலி காணாதபடி ஓர் ஒலி எழுப்பி, திடுக்கிடுகிறதா என்று பாருங்கள். தலை ஒருபுறம் சாய்ந்திருந்தாலும் உட்செவியைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, வாலை அடிப்பகுதியில் பிடித்துச் சுமார் பத்து விநாடி தூக்குங்கள். நலமான எலி பின்னங்கால்களை வெளியே விரிக்கும். பல நரம்புக் கோளாறுகளில் அவற்றை வயிற்றோடு இறுக்கிக்கொள்ளும். இது கோளாறு உண்டென்று காட்டுமே தவிர, எந்த இடத்தில் என்று காட்டாது.

நடையை அறிய முன்பாதங்களுக்கு ஒரு நிறமும் பின்பாதங்களுக்கு வேறு நிறமும், நச்சற்ற சாயத்தில், தடவிக் குறுகிய பாதையில் விரித்த காகிதத்தின்மேல் நடக்கவிடுங்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் பதிக்கும் பாதங்களைப் போல வரிசையாக விழும் சுவடுகளில் அடியின் நீளத்தையும் பின்பாதங்களின் இடைவெளியையும் அளக்கலாம். செலவு குறைந்த இம்முறையை நான் பெரிதும் நம்புகிறேன்.

சுழலும் உருளையான ரோட்டாராடில் நிமிடத்துக்கு 4 சுற்றிலிருந்து 40 சுற்றுவரை ஐந்து நிமிடத்தில் வேகத்தைக் கூட்டுவது வழக்கம். எடை கூடிய எலி நோயின்றியும் சீக்கிரம் விழக்கூடும். ஆகவே எடையையும் பதியுங்கள். ஒப்பீட்டுக்கு அதே ஈற்றில் பிறந்த, மாற்றமில்லாத எலிகளையே எடுத்து, எது எந்த மரபணு வகை என்பதை அளப்பவருக்குச் சொல்லாமல் வையுங்கள்.