சின்ன சூப்பர்ஜூம் கேமரா: புதுசா கைல எடுக்குறவங்களுக்கு ஒரு செய்முறை

டப்பா மேல 40எக்ஸ்னு பெருசா போட்டிருப்பாங்க, அதப் பாத்துட்டுதான் நம்மள்ல பாதிப்பேர் வாங்குறோம், நானும் அப்படித்தான் வாங்கினேன். பாக்கெட்ல அடங்குது, தூரத்து மரத்துல உக்காந்திருக்கற மீன்கொத்தியோட கண்ணு வரைக்கும் தெரியுது, இதுக்கு மேல என்ன வேணும்னு தோணுச்சு. அன்னைக்கே இருட்டுற நேரத்துல எடுத்த படங்களை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா எல்லாம் ஈரத்துணியால தேச்ச மாதிரி இருக்கு, இலை எது இறகு எதுன்னே தெரியல. கேமராதான் பழுதுன்னு நெனச்சுட்டேன். பழுதெல்லாம் இல்ல, ஜூமுக்கு விலையா நாம வெளிச்சத்தக் கொடுத்துட்டு இருக்கோம்ங்கறது அப்ப எனக்குத் தெரியல, அவ்ளோதான்.

படி 1: எக்ஸ் கணக்கு

40எக்ஸ்னா 40 மடங்கு பெருசா காட்டும்னு அர்த்தம் இல்லீங்க. லென்ஸோட கடைசி குவிய நீளத்த (ஃபோக்கல் லெங்த், மி.மீ.ல சொல்லுவாங்க, கூடக்கூட தூரத்துப் பொருள் பெருசா தெரியும்) ஆரம்ப குவிய நீளத்தால வகுத்தா வர்ற எண் அது. கேனான் எஸ்எக்ஸ்740ல 24 மி.மீ.ல ஆரம்பிச்சு 960 மி.மீ.ல முடியுது, அதான் 40. அதனால எக்ஸ்ஸ விட்டுட்டு மி.மீ.யப் பாருங்க. 100 மீட்டர் தள்ளி ஒரு நீளமான சுவர் இருக்குன்னு வைங்க, 24ல சுமார் 150 மீட்டர் அகலம் படத்துல வரும், 960ல 4 மீட்டர் கூட வராது. அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்கறோம். நிக்கான் பி1000 இன்னும் போய் 3000 மி.மீ. வரைக்கும் இழுக்கும், ஆனா அது 1.4 கிலோ, அத பாக்கெட்ல போட்டா பேன்ட் நிக்காது.

படி 2: சென்சார் சைஸ்

சென்சார்னா வெளிச்சத்த வாங்கி படமாக்கற சில்லு. ஸ்பெக் ஷீட்ல அதோட சைஸ் 1/2.3 இன்ச்னு ஒரு வரி இருக்கும், யாரும் படிக்க மாட்டோம், ஆனா முக்கியமான வரி அதுதான். நிஜத்துல அது சுமார் 6.2க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தை விட சின்னது. பெரிய சென்சார் வச்ச ஃபுல் ஃபிரேம் கேமரால அது 36க்கு 24 மி.மீ., பரப்பளவுல சுமார் 30 மடங்கு. சென்சார் இவ்ளோ சின்னதா இருக்கறதாலதான் உள்ள இருக்கற லென்ஸோட நிஜ குவிய நீளம் 172 மி.மீ. இருந்தாலே ஃபுல் ஃபிரேம்ல 960 மாதிரி காட்டுது, கேமராவும் பாக்கெட்ல போகுது. அதே சின்ன சென்சார்தான் வெளிச்சம் கொறஞ்சா திணறுது. ரெண்டையும் பிரிக்க முடியாது, இது நல்லா மண்டைல ஏறிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

படி 3: ஜூம் பண்ணிக்கிட்டே எஃப் எண்ணப் பாருங்க

எஃப் எண்ணுங்கறது லென்ஸோட வாய் (அப்பர்ச்சர்) எவ்ளோ திறந்திருக்குன்னு சொல்றது, எண் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம். இத இப்பவே செஞ்சு பாருங்க. ஜன்னல் பக்கம் நின்னு கேமராவ அப்பர்ச்சர் மோட்ல வச்சு, இருக்கறதுலயே சின்ன எஃப் எண்ணை போடுங்க. இப்ப மெதுவா ஜூம் பண்ணுங்க. எஸ்எக்ஸ்740ல 3.3ல இருந்த எண் ஏறி ஏறி கடைசில 6.9ல நிக்கும், நீங்க எதையும் தொடல, லென்ஸே அப்படித்தான். சென்சாருக்குப் போற வெளிச்சம் கால் பங்குக்கும் கீழ போயிடுச்சு. பாவம் கேமரா என்ன பண்ணும், ஒண்ணு ஷட்டர ஸ்லோ பண்ணும், அதாவது வெளிச்சத்த கூட நேரம் உள்ள விடும், படம் ஆடும், இல்ல ஐஎஸ்ஓவ, அதாவது கெடச்ச வெளிச்சத்த பெருக்கிக் காட்டற அளவ, ஏத்தும், புள்ளி புள்ளியா வரும், அந்தப் புள்ளிய அழிக்கறேன்னு இறகையும் சேத்து அழிக்கும். என்னோட ஈரத்துணி படம் அதுதான்.

என் கணக்கு: ஐஎஸ்ஓ 400 வரைக்கும் நிம்மதி, 800 பரவால்ல, 1600னா ஞாபகத்துக்கு வச்சுக்கலாம், பிரின்ட் போட நினைக்காதீங்க. ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பு வைக்க மெனுல வழி இருந்தா 800ல நிறுத்துங்க. இன்னொண்ணு, ஜூம் கடைசி வரைக்கும் போனா நல்ல வெயில்லயும் கொஞ்சம் மழுங்கலா வரும், நான் முக்கால்வாசிலயே நிறுத்திடுவேன்.

படி 4: பிடிக்கற விதம்

ஃபோன் மாதிரி கைய நீட்டிப் பிடிக்கறத முதல்ல விடுங்க. ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டணும், முடிஞ்சா தூண்லயோ சுவத்துலயோ சாய்ஞ்சுக்கங்க, மூச்ச பாதி விட்டு பட்டன அழுத்துங்க, குத்தாதீங்க. 960 மி.மீ.ல ஸ்டெபிலைசர் இல்லன்னா 1/1000 செகண்ட் வேணும், ஸ்டெபிலைசர் இருந்தா அசையாத பொருளுக்கு 1/125 போதும். ஆனா ஸ்டெபிலைசர் உங்க கை ஆட்டத்தத்தான் சரி பண்ணும், பறவை தலைய திருப்பறத அதால ஒண்ணும் பண்ண முடியாது.

படி 5: பறவைய தேடிப் பிடிக்கறது

முழு ஜூம்ல வச்சுட்டு மரத்துப் பக்கம் திருப்பினா வெறும் பச்சையா தெரியும், நீங்க தேடி முடிக்கறதுக்குள்ள அது பறந்து போயிருக்கும். முதல்ல அகலமா வைங்க, பறவைய நடு சதுரத்துக்குள்ள கொண்டு வாங்க, அங்கிருந்து ஜூம். நடுவுல தப்பிட்டா சில கேமராக்கள்ல அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு, அழுத்திப் பிடிச்சா ஜூம் பின்னால வரும், விட்டா பழைய இடத்துக்கே போகும். இந்த பட்டன் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு தொடற அளவுக்குப் பழகிக்கங்க.

டிஜிட்டல் ஜூம ஆஃப் பண்ணிடுங்க, அது வெறும் கத்தரிச்சு பெருசாக்கற வேலை, வீட்ல உக்காந்து நீங்களே பண்ணிக்கலாம். உச்சி வெயில்ல தூரத்து கட்டடம் அலையடிக்கற மாதிரி வந்தா கேமரா மேல சந்தேகப்படாதீங்க, சூடான காத்து பண்ற வேலை அது, காலைல வாங்க. சூரியன மட்டும் ஜூம் பண்ணிப் பாத்துடாதீங்க, சென்சார் கருகிடும்.

படி 6: தூசி

லென்ஸ் வெளிய நீண்டு உள்ள போறப்ப காத்தையும் சேத்து இழுக்கும், காத்தோட தூசியும் போகும். நான் சாவியும் சில்லறையும் கெடக்கற பாக்கெட்ல போட்டு வச்சிருந்தேன், ஆறே மாசத்துல வானம் எடுத்தா எடது மூலைல ஒரு சாம்பல் பொட்டு, ஜூம் பண்ணப் பண்ண இன்னும் நல்லா தெரியுது. லென்ஸ் கழட்டி மாட்டற கேமராவா இருந்தா ஊதிவிடலாம், இதுல மொத்தமா பிரிச்சாத்தான் உண்டு. பத்து ரூவா பஞ்சுப் பையா இருந்தாலும் சரி, தனியா வைங்க.

வாங்கறதா வேணாமா?

வீட்டுக்குள்ள, ராத்திரி விசேஷத்துல, ஆட்களதான் அதிகமா எடுப்பேன்னா இது உங்களுக்கு இல்ல. ஃபோன் பல படத்த சேத்து ஒண்ணாக்கி இருட்ட சமாளிச்சுடும், 24 மி.மீ.ல நானே ஃபோன்லதான் எடுக்கறேன். கொஞ்சம் ஜூம் போதும், தரமும் வேணும்னா இதவிட பெருசான 1 இன்ச் சென்சார் பக்கம் போங்க, பானாசோனிக் டிஇசட்200 மாதிரி, ஆனா அது 360 மி.மீ.லயே நின்னுடும், விலையும் ஏறும். பகல்ல பறவை, தூரத்து மலை, மைதானம்னு சுத்தற ஆளா இருந்தா தாராளமா வாங்கலாம்.

ராத்திரில இதால ஒழுங்கா எடுக்க முடியற ஒரு பொருள் இருக்கு, நிலா. சூரிய வெளிச்சம் நேரா படற பாறைதானே அது, அதுக்கு அங்க பகல். ஆட்டோல எடுத்தா வெள்ளைத் தட்டு மாதிரி வரும், அதனால மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/60, கேமராவ ஒரு சுவத்து மேல வச்சு 2 செகண்ட் டைமர். 960ல ஃபிரேம் உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு நிலா வரும். பௌர்ணமி அன்னைக்கு வேணாம், நேர் வெளிச்சத்துல நிழலே விழாது, பாதி நிலா அன்னைக்கு எடுங்க, பள்ளத்தோட விளிம்பெல்லாம் நல்லா தெரியும்.