ஆறு ஆறாகப் பிரிக்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் 42 மாணவர்கள். "ஆறாகப் பிரியுங்கள்" என்றால் ஆறு குழு, குழுவுக்கு ஏழு பேர். "ஆறு ஆறாகப் பிரியுங்கள்" என்றால் ஏழு குழு, குழுவுக்கு ஆறு பேர். சுற்றறிக்கைகளில் அதிகம் குழப்புவது இதுதான். "ஆறு பேர் கொண்ட ஏழு குழுக்கள்" என்று எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை.

அந்த "ஆறு ஆறு" என்பதைச் சேர்த்து "ஆறாறு" என்று எழுதாதீர்கள். வாய்ப்பாட்டில் ஆறாறு முப்பத்தாறு. ஈராறு பன்னிரண்டு, மூவாறு பதினெட்டு என்பவையும் பெருக்கல்தான்.

"ஆறு ஆறாக" என்ற பொருளுக்கு இலக்கணம் தரும் சொல் "அவ்வாறு". எண்ணை இரட்டிக்கும்போது முதல் எண்ணில் முதல் எழுத்து மட்டும் நிற்கும். அது நெடிலானால் குறுகும். அடுத்து உயிர் வந்தால் வகர ஒற்று மிகும், மெய் வந்தால் அதே மெய் மிகும்: இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, அவ்வாறு, எவ்வெட்டு, பப்பத்து. ஒன்பதை நன்னூல் இந்த விதியிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆகவே "ஒவ்வொன்பது" என்று புதிதாக ஆக்க வேண்டாம், "ஒன்பது ஒன்பதாக" போதும்.

விதி சரி, பயன்பாட்டில்தான் சிக்கல். "அவ்வாறு நிற்கவும்" என்றால் இன்று எல்லோரும் "அப்படியே நிற்கவும்" என்றுதான் படிப்பார்கள். "அந்த ஆறு" என்றும் கொள்ளலாம். ஆற்றங்கரையைப் பற்றிய கட்டுரையானால் நதியும் வந்து சேரும். செய்யுளுக்குப் பொருள் சொல்லும்போது "அவ்வாறு" எண்ணாக இருக்கலாமா என்று பாருங்கள். உங்கள் உரைநடையில் அதை எண்ணாக எழுதாதீர்கள்.

"அறுவர்" மனிதருக்கு மட்டும். பசுவானாலும் பேனாவானாலும் ஆறுதான். "அறுவர்" என்பதே பன்மை. "அறுவர்கள்", "அறுவர் பேர்" இரண்டும் மிகை. குழு குழுவாகச் சொல்ல "அறுவர் அறுவராக" என்பது அழகான வடிவம். "ஒவ்வொருவருக்கும் தலா ஆறு" என்பதிலும் ஒன்று அதிகம்: "தலா ஆறு" அல்லது "ஆளுக்கு ஆறு".

அறுசுவை, அறுகோணம், அறுநூறு என்று குறுகுவதைப் பார்த்து "அறு பேர்" என்று எழுதக் கூடாது. உயிர் வரும்போது குறுகாது: ஆறாயிரம்.