சி-1 கனோ: தவறுகள் கரையிலேயே தொடங்கிவிடுகின்றன

ஒருவர் ஓட்டும், மேல்தளம் மூடிய கனோவை, அதாவது சி-1ஐ, தூரத்தில் பார்ப்பவர்கள் கயாக் என்றே நினைப்பார்கள். உள்ளே இருப்பவர் காலை நீட்டி உட்காரவில்லை, மண்டியிட்டிருக்கிறார். கையில் ஒற்றைப் பிளேடு துடுப்பு. இந்த இரண்டிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் கிளம்புகிறது. மண்டியிட்டவரின் எடை உயரத்தில் நிற்கும். படகைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் முழங்கால், தொடை, இடுப்பு ஆகியவை படகைத் தொடும் இடங்கள் வழியாகவே நடக்கும். ரோல் (கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்துவது) வரவில்லை, ஒரு பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது என்று கையை நொந்துகொள்பவர்கள் முதலில் படகுக்குள் தலையை விட்டுப் பார்ப்பது நல்லது. கோளாறு அநேகமாக அங்கே ஒட்டியிருக்கும் ஃபோமில் இருக்கும்.

சேணத்தின் உயரம்

பழைய கயாக் ஒன்றின் இருக்கையைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டவர் இருபுறமும் கால் போட்டு அமரும் ஃபோம் சேணம் வைத்து சி-1 ஆக மாற்றுவது பரவலான வழக்கம். இதில் முதல் தவறு, வேறொருவரின் அளவை அப்படியே எடுத்துக்கொள்வது. படகின் அடியிலிருந்து சேணத்தின் மேற்பகுதி வரை பலருக்கு 17 முதல் 22 செ.மீ. வரை சரிப்படும். உயரம் கூடினால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சுகம், துடுப்பும் நீருக்குள் நேராக இறங்கும். ஆனால் படகு ஆட்டம் காணும். குறைத்தால் படகு அசையாமல் நிற்கும், பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். மரத்த காலால் படகைச் சாய்க்கவும் முடியாது, கவிழ்ந்தால் சட்டென வெளியே வரவும் முடியாது. அதனால் உயரமாகத் தொடங்கி, பல நாள் ஓட்டிப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு செ.மீ. என்று செதுக்கிக் குறையுங்கள். வெட்டிய ஃபோமை மறுபடி வளர்க்க முடியாது.

சேணத்தின் பின்பக்கத்துக்கு அடியில் பாதம் சிக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் வெறுங்காலோடு அளந்துவிட்டு, ஆற்றில் தடித்த அடியுள்ள, நாடா கட்டிய காலணியோடு ஏறுபவர்கள் பலர். ஓட்டும்போது போடும் அதே காலணியோடுதான் அளக்க வேண்டும். மெல்லிய அடியுள்ள, கொக்கியோ நாடாவோ இல்லாத நியோப்ரீன் காலணி இதற்குத் தோது. கணுக்காலின் முன்புறம் தரையில் அழுந்தி வலித்தால் அங்கே சுருட்டிய ஃபோம் துண்டு ஒன்றை வையுங்கள். வலிக்குப் பயந்து சேணத்தை உயர்த்திக்கொண்டே போக வேண்டியதில்லை.

சேணம் முன்னே இருக்க வேண்டுமா, பின்னே இருக்க வேண்டுமா என்பதைத் தரையில் முடிவுசெய்துவிட்டு ஒட்டுவது அடுத்த தவறு. முதலில் பட்டையாலோ ஆப்புகளாலோ தற்காலிகமாக நிறுத்தி, அசையாத நீரில் படகை இறக்கி ஏறுங்கள். கரையில் ஒருவர் நின்று பக்கவாட்டில் பார்க்கட்டும். மூக்கு அமிழ்ந்திருந்தால் ஒவ்வொரு அலையும் மேல்தளத்தில் ஏறும், படகு தன்னிச்சையாகப் பக்கம் திரும்பும். பின்முனை அமிழ்ந்திருந்தால் நீர்ச்சுழல் அதைப் பிடித்துக் கீழே இழுக்கும். மட்டமாகவோ, இம்மியளவு பின்பாரமாகவோ மிதந்தால் போதும். இரண்டு செ.மீ. நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

ஒட்டும் வேலை

சேணம் செய்யும் மினிசெல் ஃபோமுக்குக் கான்டாக்ட் சிமென்ட் என்ற பசைதான் ஏற்றது. ஆனால் அதை மரப்பசைபோலப் பூசுகிறார்கள்: ஒரு பக்கம் மட்டும் தடிப்பாகத் தடவி, ஈரமாக இருக்கும்போதே அழுத்துகிறார்கள். கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு பசை நாள்கணக்கில் கொழகொழவென்றே கிடக்கும். இரண்டு பரப்பிலும் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். ஃபோம் முதல் பூச்சை உறிஞ்சிவிடும் என்பதால் இன்னொன்று தேவை. விரலால் தொட்டால் ஒட்டாமல் உலர்ந்த பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்ந்துவிட்டால் நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஒரு தாளை வைத்து, இடத்தைச் சரிசெய்து, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காய விட்ட பிறகுதான் தண்ணீர். படகின் உள்பகுதியில் ஆவி தேங்கும், எனவே திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை இது.

பாலிஎத்திலீன் படகில் எந்தப் பசையும் நெடுநாள் நிற்பதில்லை. உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தாலும் ஓரளவே பயன். சேணத்தை மேல்தளத்துக்கும் அடிக்கும் இடையே இறுக்கிப் பொருத்துவதோ, கயாக் இருக்கை பொருத்தியிருந்த போல்ட்டுகளோடு பிணைப்பதோதான் நம்பகமானது. பசை மட்டும் தாங்கும் சேணம் கழன்றுவருவது எப்போதுமே ஓட்டத்தின் நடுவில்தான்.

மாற்றும்போது பலர் கழற்றி எறியும் ஒன்று, முன்னும் பின்னும் செங்குத்தாக நிற்கும் ஃபோம் சுவர். இடத்தை அடைக்கிறது என்று தோன்றும். படகு பாறையில் அகப்பட்டு நீரின் அழுத்தம் மேல்தளத்தின் மீது விழும்போது, தளம் உங்கள் கால்மேல் மடங்காமல் தாங்குவது அந்தச் சுவர்தான். அதைத் தொடாதீர்கள். சுவரின் இருபுறமும் காற்றுப்பைகளை வைத்து ஊதுங்கள். குளிர்ந்த நீரில் இறங்கியதும் பை சுருங்கும், மறுபடி ஊத வேண்டும். வெயிலில் கரையேற்றி வைக்கும்போது கொஞ்சம் காற்றை விட்டுவிடாவிட்டால் தையல் பிரியும்.

தொடைப்பட்டை

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். சி-1ன் உள்ளமைப்பில் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். 5 செ.மீ. அகலப் பட்டை, இரு முழங்கால்களுக்கும் நடுவே சேணத்தின் முன்புறத்திலிருந்து கிளம்பி, தொடைக்கு மேலாகக் குறுக்காகப் போய், இடுப்புக்கு அருகே படகின் பக்கச்சுவரில் முடியட்டும். வெளிப்புற நங்கூரத்தை முன்னால் தள்ளி வைத்தால் பட்டை முழங்காலை நோக்கி வழுக்கும். படகை நிமிர்த்தும் நேரத்தில் பிடிப்பே இருக்காது. மிகவும் பின்னால் வைத்தால் இடுப்பு மடிப்பில் ஏறி, காலை உருவ விடாது. தொடையின் நடுப்பகுதியில் விழுந்து, தொடையைக் கீழும் பின்னுமாகச் சேணத்தோடு அழுத்துவதே சரியான நிலை.

பாதத்துக்குப் பின்னால் விரல் கட்டை வைத்து, அதில் உந்தி முழங்காலை அது பதியும் ஃபோம் குழியில் நிறுத்த முடிந்தால் பட்டையை அவ்வளவு இறுக்க வேண்டியிருக்காது. விரல் கட்டையே இல்லாமல் எல்லாப் பிடிப்பையும் பட்டையிடம் கேட்பவர்கள்தான் அதைச் சதை கன்றும் வரை இறுக்குகிறார்கள். முழங்கால்கள் எவ்வளவு அகலமாக விரிகின்றனவோ அவ்வளவு நல்லது, படகின் பக்க விளிம்பு வரை.

கொக்கி ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். இரண்டு பட்டைகளின் விடுவிக்கும் வால்களும் கை தேடாமல் போகும் இடத்தில் இருக்கட்டும். தரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை வெளியேறிப் பாருங்கள். பிறகு, பக்கத்தில் ஒருவர் நிற்க, இடுப்பளவு அசையா நீரில் கவிழ்ந்து பாருங்கள். ஸ்பிரே ஸ்கர்ட் (நீர் புகாமல் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) இல்லாமல் செய்யும் பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

நீரில்

துடுப்பை உடலுக்குப் பின்னால் வரை இழுப்பது எல்லோரும் செய்யும் தவறு. இடுப்பைத் தாண்டியதும் பிளேடு நீரைப் பின்னால் தள்ளாமல் மேலே தூக்கும். பின்முனை அமிழும், மூக்கு மறுபக்கம் ஓடும். பிளேடு முழுதும் மூழ்கிய பிறகே இழுக்கத் தொடங்கி, இடுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டு கைகளும் நீருக்கு மேலே, தண்டு செங்குத்தாக இருக்க வேண்டும்.

ஒரே பக்கம் துடுப்புப் போடுவதால் படகு எதிர்ப்பக்கம் திரும்பும். அதைத் திருத்த ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பைச் சுக்கான்போல் வைத்துத் தள்ளுகிறார்கள். துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியில் இருக்கும் கட்டைவிரல் வானத்தைப் பார்த்தால் இந்தத் தவறு நடக்கிறது என்று அர்த்தம். படகு நேராகும், வேகம் செத்துவிடும். (நெரிசலான பாறைகளுக்கு நடுவே அவசரத்துக்கு அதுவும் கைகொடுக்கும், வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.) இழுப்பின் முடிவில் பிளேடை ஜே எழுத்துபோல் வெளியே வளைக்கும் ஜே இழுப்பில் கட்டைவிரல் கீழே திரும்பும். அதைவிட நல்ல வழி, படகைத் துடுப்புப் பக்கம் லேசாகச் சாய்த்து, அதே பக்கம் பெரிய வளைவாக ஓட விடுவது. வளைவு படகை உள்ளே இழுக்கும், துடுப்பு வெளியே தள்ளும். இரண்டும் சமமாகும்போது திருத்தும் வேலையே மிச்சமில்லை.

பாறைக்குப் பின்னால் எதிர்த்திசையில் ஓடும் நீரை எடி என்பார்கள். அதற்குள் நுழைந்தாலும் அதிலிருந்து வெளியேறினாலும் விதி ஒன்றே: திரும்பும் வளைவின் உட்பக்கம் சாய வேண்டும். துடுப்புப் பக்கத்துக்குத் திரும்பும்போது இது தானாக வரும். வலப்பக்கம் துடுப்புப் போடுபவர் இடப்பக்க எடிக்குள் நுழையும்போதுதான் வினை. சாய வேண்டியது இடப்பக்கம், அங்கே துடுப்பு இல்லை. உடல் துணை தேடி வலப்பக்கம் சாயும். எடியின் நீர் வலது விளிம்பைப் பிடித்து அந்தப் பக்கமே கவிழ்த்துவிடும். பிடியை மாற்றாமல், இடுப்புக்கு மேலே உடலை முறுக்கி, பிளேடை இடது முழங்காலுக்கு முன்னால் ஊன்றும் குறுக்கு இழுவையைப் பழகினால் இந்தப் பயம் போகும். கையை மட்டும் குறுக்கே நீட்டினால் தோள்பட்டைதான் பழுதாகும்; நெஞ்சே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஊன்றிய பிளேடைச் சுற்றிப் படகைத் திருப்பும், கயாக்காரர்கள் இன்றும் பயன்படுத்தும் டுஃபெக் திருப்பம் கனோவின் இழுவையிலிருந்து போனதுதான். 1953ல் இத்தாலியின் மெரானோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் செக்கோஸ்லோவாக்கிய வீரர் மிலோ டுஃபெக் அதைக் கயாக்கில் செய்துகாட்டினார்.

எடியின் எல்லைக்கோட்டை அதன் கீழ்ப்பகுதியில், மெதுவாகக் கடப்பதும் வழக்கமான பிழை. பாறைக்கு அருகே அந்தக் கோடு கத்திபோல் மெல்லியது. கீழே போகப்போக அகன்று கொதிக்கும். மேலேயே, வேகத்தோடு கடந்துவிடுங்கள்.

பாறைமேல் பக்கவாட்டாகப் போய் மோதும்போது உடல் பாறையை விட்டு விலகத் துடிக்கும். விலகினால் மேலிருந்து வரும் நீர் தளத்தில் ஏறி, படகைப் பாறையோடு சுற்றிவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்கப் போவதுபோல அதன் பக்கமே சாயுங்கள்.

ரோலில் இரண்டே பிழைகள். ஒன்று, கைப்பிடிக் கையை உயரத்தில் வைப்பது. பிளேடு ஆழத்துக்குப் போய், ஊன்றி எழத் தாங்கலே கிடைக்காது. அந்தக் கையை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, பிளேடைப் படகுக்குக் குறுக்காக மேற்பரப்பில் கிடத்துங்கள். இரண்டு, தலையை முதலில் தூக்குவது. தொடைப்பட்டையை முழங்காலால் இழுத்துப் படகை முதலில் உருட்டுங்கள். நெஞ்சு முன்தளத்தை உரசியபடி நடுவுக்கு வர, தலை கடைசியாக எழ வேண்டும். இரண்டு முயற்சியும் பலிக்கவில்லை என்றால் மூன்றாவதுக்கு மூச்சைச் செலவழிக்காமல் வெளியேறுவதே மேல். முதலில் ஸ்கர்ட்டின் இழுப்பு வளையம், பிறகு பட்டையின் வால், அதன்பின் இரண்டு கைகளாலும் படகு வாயின் விளிம்பை உந்தி முழங்கால்களை உருவுங்கள். அந்த இழுப்பு வளையம் ஸ்கர்ட்டுக்கு அடியில் மடங்கிக் கிடக்கவில்லை என்பதைக் கரையை விடும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.