ரிஃப் திருட்டா, தற்செயலா? சரிபார்க்கும் முறை

இரண்டு பாட்டின் ரிஃப் (கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) ஒன்றுபோலக் கேட்டால், முதலில் சவுண்டை ஒதுக்கிவையுங்கள். டிஸ்டார்ஷன் (கரகரப்பாக்கிய ஒலி), டிராப் டி டியூனிங் (தடித்த கம்பியின் சுருதியைத் தாழ்த்துவது), பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) மூன்றும் ஒத்துப்போனாலே எந்த இரண்டு ரிஃப்பும் அண்ணன் தம்பி போலக் கேட்கும்.

இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். ஃப்ரெட் எண்களை (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கும் இடங்களின் எண்கள்) ஒப்பிடாதீர்கள். டியூனிங் மாறினால் அவையும் மாறும். ஆதார சுரத்திலிருந்து எத்தனை அரைச்சுரம் தள்ளி என்று எழுதுங்கள்: 0, 0, 1, 6 என்பதுபோல. கீழே ஒரு பாரை (தாளத்தின் ஒரு சுற்று) 16 கட்டமாகப் பிரித்து, பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) விழும் கட்டங்களைக் குறியுங்கள். சுரம் பொருந்தியும் தாளம் பொருந்தாவிட்டால் குற்றச்சாட்டு பலவீனம்தான்.

பெண்டடானிக் (ஐந்து சுர வரிசை) துணுக்குகள், அரைச்சுரமாக இறங்கும் வரிசை எல்லாம் பொதுச்சொத்து. இவை யாரிடமும் இருக்கும். லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்', ஸ்பிரிட் குழுவின் பழைய பாட்டான 'டாரஸ்'-இலிருந்து திருடியது என்று தொடுத்த வழக்கின் மையமே அப்படியொரு இறங்குவரிசைதான். அந்தப் பழைய பாட்டைக் கேட்க லெட் செப்பலினுக்கு வாய்ப்பிருந்தது என்று 2016-ல் ஏற்ற ஜூரி, ஒற்றுமை போதாது என்றது; 2020-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

ஆகவே கேட்டதற்கான ஆதாரத்தையும் தனியே திரட்டுங்கள்: வெளியான தேதி, சேர்ந்து வாசித்த மேடை, பொதுவான தயாரிப்பாளர். அது கையில் வரும்வரை யாரையும் திருடன் என்று எழுதாதீர்கள்.