26ஆம் திகதிக்கு முன் சுனாமி நினைவுத்தூபியைக் கழுவி எடுப்பது எப்படி

டிசம்பர் 25 பின்னேரம் வாளியோடு போய் நிற்காதீர்கள். மாரி காலம், எந்த நேரமும் கொட்டும், அடித்த பெயின்ட் காயாது. 20ஆம் திகதிக்குள் ஒரு வெயில் நாளைப் பிடியுங்கள்.

முதலில் தண்ணீர். மட்டக்களப்பு நாவலடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. கையெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று வாவித் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உவர். காய்ந்ததும் எழுத்துக் குழிக்குள் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயரை வாசிக்க முடியாமல் போய்விடும். நாலு கேன் நல்ல தண்ணீர் கொண்டு போங்கள்.

கறுப்புக் கல்லுக்கு மெல்லிய சவர்க்காரத் தண்ணீர், துணி, எழுத்துக்குள் தேய்க்கப் பழைய பல் பிரஷ், அவ்வளவும் காணும். கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். ஒரு வருஷம் அவசரத்தில் நாங்கள் அதை ஊற்ற, பாசியோடு பீடத்தின் சிமெந்துப் பூச்சும் அரித்து, தங்க நிற எழுத்தும் பாதி வெளிறிப்போய், சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. வெடிப்பில் துரு கசிந்தால் மேசனிடம் காட்டுங்கள், மேலே பெயின்ட் பூசி மறைக்க வேண்டாம்.

எழுத்துக்கு நிறம் தொடும்போது ஒருவர் பட்டியலை வைத்து வாசிக்க வேண்டும். 2004இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். ஒரே வீட்டுப் பெயர்கள் நாலைந்து அடுத்தடுத்து வரும், கை தன் பாட்டில் ‘ர’வை ‘ற’ ஆக்கிவிடும். எங்கள் பக்கத்து ஆச்சி ஒருவருக்கு வாசிக்கத் தெரியாது, கீழிருந்து மூன்றாவது வரியை விரலால் தடவித்தான் மகனைக் கண்டுபிடிப்பார். அதனால் குழியைப் பெயின்டால் நிரப்பிவிடாதீர்கள், அடியில் மட்டும் மெல்லிசாகத் தொடுங்கள்.

அப்புறம் எண்ணெய், கல்லுக்கு அதுதான் பெரிய எதிரி. சிட்டி விளக்குகளைக் கல்லில் வைக்காமல் தகரத் தட்டில் மணல் பரப்பி அதில் புதைத்து வையுங்கள், காற்றுக்கும் கவிழாது. சிந்திவிட்டால் தேய்க்காதீர்கள், கோதுமை மாவைக் கொட்டி, பொலித்தீனால் மூடி, ஓர் இரவு விடுங்கள். காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம், ஆகவே விளக்குகள் 9 மணிக்கே தயாராக இருக்கட்டும்.

27ஆம் திகதி போய் மாலைகளைக் கழற்ற ஒரு ஆளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். மாலைக் கம்பியின் துரு மழையோடு கல்லில் இறங்கினால் அடுத்த டிசம்பர் வரை போகாது.